எட்டு நாளில் தருகிறேன்

போன செவ்வாய்க்கிழமை கவிதா கேட்டார். பதினோரு வருடம் என்னோடு வேலை பார்த்தவர். வேலையையும் நேரத்தையும் ஒழுங்குபடுத்தச் சொல்லிக்கொடுக்கும் எங்கள் சிறிய பயிற்சி நிறுவனம் இந்த மாதம் முதல் அவருடையது. நான் ஓய்வுபெற்றவன்.

"சார், புதுசா சேர்றவங்களுக்கு ஒரு கையேடு போடறோம். முதல் கட்டுரை உங்களது. இந்த வேலைக்கு எப்புடி வந்தீங்கன்னு எழுதுங்க. அறிவுரை வேணாம் சார், அது எங்ககிட்டயே நெறைய இருக்கு. நடந்தத எழுதுங்க."

"எட்டு நாள்ல தர்றேன்" என்றேன்.

கவிதா போனை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார். என்ன தட்டினார் என்று பார்த்தேன்.

ஐம்பத்தாறு வயதில் ஓய்வா என்று ஊரில் சிலர் கேட்கிறார்கள். உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டு முகத்தையும் உற்றுப் பார்க்கிறார்கள். முப்பதாவது வயதில் ஒரு அட்டையில் எழுதி வைத்தேன்: ஐம்பத்தாறில் நிறுத்து. அட்டையில் எழுதியதைச் செய்வதுதான் என் தொழில். அடுத்தவர்களைச் செய்ய வைப்பதும் அதே தொழில். கடைசி அட்டையை மட்டும் நானே மீறினால் என்ன மரியாதை?

அட்டை என்றால் கல்யாணப் பத்திரிகை. பின்பக்கம் வெறுமையாக, கெட்டியாக, வழவழவென்று இருக்கும். நான்காக வெட்டினால் சட்டைப் பையில் அடங்கும். ஓரத்தில் மஞ்சள் தடவியிருக்கும். ஊரில் யாருக்குக் கல்யாணம் ஆனாலும் எனக்கு ஒரு வாரத்துக்கான வேலைத் திட்டம் கிடைத்துவிடும். எந்த நேரத்தில் எந்த வேலை, எவ்வளவு நிமிடம், முடிந்ததா, முடியாவிட்டால் ஏன். பதினேழு வயதில் பிடித்த பைத்தியம். தவளக்குப்பத்துக்குத் தெற்கே எங்கள் கிராமம். அங்கிருந்து டவுனுக்கு சைக்கிளில் வருவேன். எந்த இடத்தில் எதிர்காற்று எத்தனை நிமிடத்தைத் தின்கிறது என்று எழுதி வைத்தேன். குளிக்க ஆறு நிமிடம், சாப்பிட ஒன்பது. கடைத்தெருவில் எனக்கு 'மணிக்கூண்டு' என்று பெயர். கல்யாணமான புதிதில் என் மனைவி தேவி சட்டைப் பையிலிருந்து அட்டையை உருவிப் படித்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, என்கிட்ட பேசறதுக்கு எத்தன நிமிஷம் போட்டிருக்கீங்க?" அதற்கு அட்டையில் இடமில்லை. சொன்னேன். இரண்டு நாள் சாப்பாட்டு நேரம் மாறியது.

ஆனால் பைத்தியம் தொழிலாவதற்கு யாராவது அதை ஒரு முறையாவது உடைக்க வேண்டும். என்னுடையதை உடைத்தவர் மதாம் மோனிக்.

அவர் பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழில் மொழிபெயர்த்துக் கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுப்பவர். பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டாலும் அவர்கள் எழுதிய பத்திரங்கள் இங்கேதான் இருக்கின்றன. டிரங்குப் பெட்டியில், சாமி படத்துக்குப் பின்னால், அரிசிப் பானைக்குள். குழந்தை பிறந்தது, கல்யாணம், நிலம், கிணறு எல்லாம் பழுப்பு மையில் சாய்வெழுத்தில். வைத்திருப்பவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது, வழக்கு என்று வந்தால் அதை விட்டால் வேறு சாட்சியும் கிடையாது. அப்படிப்பட்டவர்கள் மதாமைத் தேடி வருவார்கள். நான் அவருடைய தமிழ் டைப்பிஸ்ட். முப்பது வருடத்துக்கு முந்தைய கதை.

அவருக்கு அறுபதைத் தாண்டிய வயது. தினமும் காலை ஆறு மணிக்கு மாதா கோயில் பூசை. ஏழேகாலுக்குக் கிழக்கு ஜன்னலோரம் மேசை. ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. பழைய கையெழுத்தை வெயில் வெளிச்சத்தில்தான் படிப்பார். டியூப்லைட்டில் பழுப்பு மையும் பழுப்புத் தாளும் ஒன்றாகிவிடும் என்பார். பகல் பன்னிரண்டு ஆனால் வெயில் கூரைக்கு அந்தப் பக்கம் போய்விடும், மதாமும் தாளை மூடிவிடுவார். அதற்குப் பிறகு நான் டைப் அடிக்கலாம், அவர் ஒரு வரி படிக்க மாட்டார்.

அவருடைய முறையைச் சொல்ல வேண்டும். முதல் தடவை பத்திரம் முழுவதையும் வாய் திறக்காமல் படிப்பார். சிக்கலான சொல் வந்தால் அதன்மேல் ஒரு புளியங்கொட்டை வைப்பார். மேசையில் ஒரு தகர டப்பா நிறையப் புளியங்கொட்டை, துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மாதிரி. இரண்டாம் தடவை பிரெஞ்சில் உரக்கப் படிப்பார். மூன்றாம் தடவை தமிழில், சுவரைப் பார்த்து, யாரோ அங்கே உட்கார்ந்து கேட்பது மாதிரி சொல்வார். சுவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் நான் டைப் அடிக்கலாம். சொல் சரியானால் கொட்டை டப்பாவுக்குத் திரும்பும். எல்லாக் கொட்டையும் திரும்பாமல் கையெழுத்துக் கிடையாது. எந்தப் பக்கத்தில் அதிகக் கொட்டையோ அந்தப் பக்கம் முதலில்.

இதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது. பதினொன்றாம் பக்கத்தில் ஆரம்பித்து மூன்றுக்கு வந்து ஏழுக்குத் தாவுகிற மனுஷியை நான் கண்டதில்லை. ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஆறு மாதம் ரகசியமாகக் குறித்தேன். ஒரு நாள் பிடித்துவிட்டார்.

"உன் கார்னேல என்ன எழுதுற, கதிர்?" கார்னே என்றால் அவர் பேச்சில் சின்ன நோட்டு. கல்யாணப் பத்திரிகைத் துண்டையும் அவர் கார்னே என்றுதான் சொல்வார்.

காட்டினேன். வரிசையாகப் போனால், நாளுக்கு இவ்வளவு பக்கம் என்று பிரித்துக்கொண்டால், மாதத்துக்கு இரண்டு பத்திரம் கூடுதலாக முடிக்கலாம் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

"அலோர், சரி, அடுத்த பத்திரம் உன் கார்னே சொல்றபடி. ஒரே ஒரு தடவ."

அந்த அடுத்த பத்திரம் செல்வராணியுடையது.

எங்கள் கிராமத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. முப்பது வயதிருக்கும். அவள் கணவர் பழனி லோடு ஆட்டோ வைத்துக் காய்கறி ஏற்றுகிறவர். வீட்டிலிருந்து சாலைக்கு வர ஒரே ஒரு பாதை, நடுவில் ஒரு வளைவு. பக்கத்து மனைக்காரர் மதில் கட்டக் கடைக்கால் தோண்டிவிட்டார். "அஞ்சடி விடறேன், வண்டி போவும்ல" என்கிறார். நேராகப் போகும், வளைவில் திரும்பாது. மதில் எழுந்தால் வண்டி சாலையில் கிடக்க வேண்டியதுதான், மூட்டைகளைத் தலையில் சுமக்க வேண்டியதுதான். பாதையின் அகலம் தாத்தா காலத்துப் பத்திரத்தில் இருக்கிறதாம். பத்திரம் பிரெஞ்சில், பதினான்கு பக்கம். நீதிபதி இரண்டு முறை தள்ளி வைத்துவிட்டு, இதுதான் கடைசி வாய்தா என்று சொல்லிவிட்டார்.

வக்கீல் லூர்துசாமி அனுப்பியிருந்தார். மதாம் அவரோடு போனில் பேசிவிட்டு என்னிடம் திரும்பி, "எட்டு நாள்ல வேணுமாம்" என்றார். அன்று செவ்வாய்க்கிழமை. நான் அட்டையில் கழித்துக் கூட்டினேன். அடுத்த புதன். ஞாயிறு போக ஏழு வேலை நாள். பதினான்கு பக்கம். நாளுக்கு இரண்டு. மீதியே இல்லாமல் வகுபட்டது. கணக்கு இப்படி வகுபடும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதை நம்பக்கூடாது என்று இப்போது தெரியும். வழக்கு என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. அட்டையில் அதற்குக் கட்டம் கிடையாது.

முதல் வாசிப்பு முடிந்ததும் கொட்டைகளைப் பார்த்தேன். பன்னிரண்டு பக்கம் வரை அங்கொன்று இங்கொன்று. கடைசி இரண்டு பக்கத்தில் மட்டும் பதினொன்று. அங்கேதான் சக்குபந்தி, அதாவது நாலு எல்லைகளும் பாதையும்.

"முள்ளு எல்லாம் கடைசிலயே இருக்கட்டும்ன்ற?" என்றார் மதாம்.

"வரிசைப்படி போவோம் மதாம்."

"உன் இஷ்டம்."

சொன்னபடி நடந்தது. நாளுக்கு இரண்டு பக்கம், பன்னிரண்டு மணிக்குள் வாசிப்பு, மூன்றுக்குள் டைப். ஒவ்வொரு நாளும் அட்டையில் ஒரு கோடு. அப்படி ஒரு வாரம் என் வாழ்க்கையில் அதற்கு முன் இருந்ததில்லை. மறு செவ்வாய் நாலரை மணிக்குப் பன்னிரண்டாம் பக்கத்தை அடுக்கிக்கொண்டிருந்தேன். செல்வராணி வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"சார், கட்டு ரெடிங்களா? வக்கீலய்யா வாங்கியாரச் சொன்னாரு."

"நாளைக்கும்மா" என்று அட்டையையே நீட்டினேன். "பாருங்க, புதன்னு போட்டிருக்கேன். நாளைக்கு சாயந்திரம் கரெக்டா குடுத்துடுவோம்."

அவள் அட்டையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். "புதன்தாங்க கேஸே. காத்தால பத்தரைக்கு."

உள்ளே நாற்காலி நகர்ந்தது. மதாம் வந்து நின்றார்.

"நான் என்ன சொன்னேன், கதிர்?"

"எட்டு நாள்னு சொன்னீங்க மதாம். செவ்வாயோட எட்ட கூட்டினா..."

"கூட்டினியா?" விரலை மடக்கினார். "செவ்வா ஒண்ணு. புதன் ரெண்டு. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வா. எட்டு. ஒரு வாரத்துக்கு பிரெஞ்சுல எட்டு நாள்னுதான்பா சொல்லுவாங்க. லூர்துசாமிக்குத் தெரியும், எனக்குத் தெரியும்."

"எனக்கு பிரெஞ்சு தெரியாதே மதாம்" என்றேன். அதுதான் என் கடைசி மதில்.

அதைச் செல்வராணி தள்ளினாள். கோபமாகக்கூட இல்லை, ஆச்சரியமாகக் கேட்டாள்: "இதுல என்னாங்க பிரெஞ்சு? நம்மூர்ல பதினாறாம் நாள் காரியத்த எப்புடி எண்ணுவாங்க? செத்த நாளையும் சேத்துதான? நீங்க எந்த ஊரு சார்?"

அவள் ஊருக்கு அடுத்த ஊர். மதாமும் எண்ணியது அப்படி, செல்வராணியும் எண்ணியது அப்படி, என் அப்பாவும் விதைத்த நாளை ஒன்று என்றுதான் எண்ணுவார். நான் மட்டும் கால்குலேட்டர் மாதிரி இன்றைய நாளைச் சுழி என்று வைத்துக்கொண்டு கூட்டியிருக்கிறேன்.

மேற்கே வெயில் இறங்கிவிட்டது. பதிமூன்றாம் பக்கத்தை டியூப்லைட்டின் கீழ் பிடித்துப் பார்த்தார் மதாம். வைத்துவிட்டார். "தப்பாப் படிச்சு முத்திரை குத்தறதுக்கு, குத்தாமலே இருக்கலாம். நாளைக்கு சூரியன் வர்றப்ப வா." செல்வராணியிடம், "நீயும் வாம்மா. வண்டியோட வா" என்றார்.

"பூசை இருக்குமே மதாம்?" என்றேன்.

"அவருக்கு எட்டு நாள்னா என்னன்னு தெரியும்" என்று மேலே கையைக் காட்டினார்.

காலை ஆறுக்கு முன்பே போய்விட்டேன். மேசையை ஜன்னலோடு ஒட்டிப் போட்டிருந்தார். வெளியே கோயில் மணி அடித்தது. மதாம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். வெயில் ஜன்னலில் ஏறி, மேசை விளிம்பில் ஏறி, தாளில் ஏறியது. பழுப்பிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. மூன்று வாசிப்பில் ஒன்றையும் அவர் குறைக்கவில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தபோதெல்லாம் குரலை இன்னும் நிதானமாக்கினார். செல்வராணி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மதாம் சுவரிடம் தமிழில் சொன்னது அன்றைக்கு அவளிடம் சொன்னதாகிவிட்டது. கிழக்கே யார் நிலம், வடக்கே எந்த வாய்க்கால் என்று வரும்போதெல்லாம் அவள் தலையாட்டினாள். கொட்டைகள் டக், டக் என்று டப்பாவில் விழுந்தன. எட்டேகாலுக்குப் பதிமூன்று முடிந்தது. ஒன்பது இருபதுக்குப் பதினான்கை டைப் அடித்து, இரண்டு கார்பன் நகலோடு நீட்டினேன்.

மதாம் படித்தார். விரல் ஒரு வரியில் நின்றது.

"வைக்கோல் எங்க?"

"எந்த வைக்கோல் மதாம்?"

"நான் வைக்கோல்னு சொன்னனா இல்லியா?"

சொன்னார். 'வைக்கோல் ஏற்றிய ஒரு வண்டி போகும் அகலத்துக்குப் பாதை விடப்பட வேண்டும்' என்று சொன்னார். நான் 'ஒரு வண்டி போகும் அகலத்துக்கு' என்று அடித்திருந்தேன். மறதி இல்லை. வண்டி என்றால் வண்டிதானே, அதில் என்ன ஏற்றினால் என்ன என்று விரலே முடிவு செய்துவிட்டது. எதையும் சுருக்குவது என் நோய். இரண்டு சொல் மிச்சம், இரண்டு விநாடி மிச்சம்.

"ஐயோ, அந்த வைக்கோல வுட்றாதீங்க மதாமம்மா!" செல்வராணி எழுந்துவிட்டாள். "வெறும் வண்டின்னா அவரு சொல்ற அஞ்சடியே போதும்னுடுவாங்க. வைக்கோல் ஏத்துனா ரெண்டு பக்கமும் பிதுங்கிகிட்டு நிக்குமே! ஒரு மொழமாவது பிதுங்கும்."

அவளை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. எத்தனை அறுப்புக்கு நான் அந்தப் பாரத்தின் மேல் உட்கார்ந்து வந்திருக்கிறேன்! இரண்டு பக்கமும் வேலி உரசும், சுவரோரத்தில் வைக்கோல் பிய்ந்து தொங்கும்.

ஒன்பது இருபத்தைந்து. நடுவில் செருக இடமில்லை. பக்கம் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். பேனாவால் மேலே எழுதிச் சுருக்கொப்பம் போட்டால் ஒரு நிமிடம். வாய்விட்டுக் கேட்டேன்.

"எதிர்க்கட்சி வக்கீல் எந்த எடத்துல கை வைப்பான்? பேனா பட்ட எடத்துலதான்" என்றார் மதாம். "அடி. ஓடாத. தப்பில்லாம அடி."

அடித்தேன். அன்றைக்கு அந்த ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம் ஆனது என்று எனக்குத் தெரியாது. நான் குறிக்காத ஒரே பக்கம் அது. மதாம் படித்தார், கடைசிக் கொட்டையை டப்பாவில் போட்டார், கையெழுத்திட்டு முத்திரை வைத்தார்.

வாசலில் பழனி லோடு ஆட்டோவை உறும விட்டுக்கொண்டிருந்தார். செல்வராணி முன்னால் ஒடுங்கினாள். நான் பின்னால் கத்தரிக்காய்ச் சாக்கின்மேல், பத்திரக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு. "சார், கோர்ட்டுக்கு எத்தினி நிமிஷம்னு உங்க அட்டையில போட்டிருக்கா?" என்று பழனி கத்தினார். ஊருக்கே என் பெருமை தெரிந்துவிட்டிருந்தது.

லூர்துசாமி கோர்ட்டு வராந்தாவில் அங்கியோடு நின்றிருந்தார். கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிப் படித்தார். "வைக்கோலா?" என்றார். இன்னொரு தடவை படித்தார். "போதும். இது போதும்." உள்ளே போனார். பத்து நாற்பதுக்கு வழக்கைக் கூப்பிட்டார்கள். கட்டு அங்கே இருந்தது.

தீர்ப்பு வரச் சில மாதம் ஆயிற்று. பாரம் ஏற்றிய வண்டியின் அகலத்துக்கு மதிலைத் தள்ளிக் கட்டச் சொன்னார்கள். இனிப்போடு வந்த செல்வராணி மதாமுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கும்போது, "எண்ணிப் பாருங்க சார், எட்டு இருக்கும்" என்றாள்.

அவள் பின்னாலேயே வந்தார் லூர்துசாமி. "என் ஆபீஸ்ல நாலு குமாஸ்தா, நாலு விதமா நாள் எண்ணுறானுங்க. தப்பு எப்புடி நடக்கும்னு ஒனக்குத் தெரியும்ல, வந்து ஒழுங்கு பண்ணிக் குடு." நான் சரியாகச் செய்ததற்காக யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கோட்டைவிட்ட விதம் தெரிந்தவன் என்று கூப்பிட்டார்கள். மதாமிடம் விடைகேட்டேன்.

"எட்டு நாள்ல சலிச்சுப்போய்த் திரும்பி வந்துடுவ" என்றார்.

"எந்த எட்டு மதாம்?"

அன்றைக்குத்தான் அவர் சத்தமாகச் சிரித்துப் பார்த்தேன்.

திரும்பிப் போகவில்லை. வக்கீல் அலுவலகத்திலிருந்து அச்சகம், அச்சகத்திலிருந்து பள்ளிக்கூடம், மருந்துக் கடை, பாத்திரக் கடை. எந்த இடத்துக்குப் போனாலும் முதல் நாள் ஒரு ஓரமாக உட்கார்ந்து அவர்கள் என்ன சொல்லி என்ன புரிந்துகொள்கிறார்கள் என்று கேட்பேன். கோரிமேட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். பெரிய ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களிடம், "மூணு நாள் கழிச்சு வாங்க" என்பார்கள். பாதிப் பேர் ஒரு நாள் முன்னால் வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பார்கள். சீட்டில் எண்ணை எடுத்துவிட்டுக் கிழமையை எழுத வைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. "இதுக்கா சார் ஒரு வாரம் உக்காந்து பாத்தீங்க?" என்று முதலாளி கேட்டார். ஆமாம், இதற்குத்தான்.

என் அட்டை மாறியது. எண்ணுக்குப் பதில் கிழமை. மேலே ஒரு கட்டம்: இது யாருக்கு, தவறினால் அவருக்கு என்ன ஆகும். அந்தக் கட்டத்தை நிரப்பாமல் கீழே போகக்கூடாது. எல்லாவற்றிலும் முள்ளு இருக்கிற பக்கம் முதலில். நிமிடம் எண்ணுவதை நான் விடவில்லை. அந்தப் பைத்தியம் சாகும்வரை இருக்கும். எண்ணுவதற்கு முன்னால் யாருக்காக என்று கேட்கிறேன், அவ்வளவுதான். இன்றைக்கு எல்லாவற்றையும் போன் எண்ணுகிறது. எண்ணட்டும், நன்றாகவே எண்ணும். என்ன எண்ணச் சொல்கிறோம் என்பது நம் வாயில்தான் இருக்கிறது.

இதை எழுத ஆரம்பித்த பிறகு, சனிக்கிழமை, வண்டியை எடுத்துக்கொண்டு தவளக்குப்பம் தாண்டிப் போனேன். மதில் தள்ளித்தான் நிற்கிறது, பாசி படிந்து. வளைவில் ஒரு பள்ளிக்கூட வேன் ரிவர்ஸ் எடுக்காமல் ஒரே திருப்பில் திரும்பியது. வாசலில் நரைத்த தலையோடு செல்வராணி வெங்காயம் உலர்த்திக்கொண்டிருந்தாள். உற்றுப் பார்த்தாள்.

"மணிக்கூண்டு சாரா? என்னாங்க, கைல வாட்ச்ச காணோம்?"

கட்டுரை இத்தோடு முடிந்தது. சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன், நேரில் கொடுக்க வேண்டும். கவிதா நிமிர்ந்து பார்த்து, "நாளைக்குத்தானே சார்?" என்பார். அவருடைய போன் புதன்கிழமைதான் அடிக்கும், தட்டும்போதே பார்த்தேன்.

இன்று செவ்வாய்.